திருகோணமலையில் இருந்துகொண்டே ஒரு அமெரிக்க மேஜரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பள்ளிக்கூட மலர்களில் அமெரிக்கத் தலைவர்கள் என்றால் வாஷிங்டனும் லிங்கனும் வருவார்கள், அதற்குப் பிறகு எல்லாரும் நேராகக் கென்னடிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்து, உயிரோடு வீடு திரும்பி, சட்டம் படித்துச் சட்டத்தரணியாகி, ஊர்த் தேர்தலில் நின்று, காங்கிரஸ் என்ற அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குப் போய், சிலர் ஆளுநராகவும் ஜனாதிபதியாகவும் ஆனவர்கள். தமிழில் இவர்களைப் பற்றி இருப்பதில் பெரும்பகுதி நான்கு வரிக் குறிப்புத்தான். உங்களில் யாருக்காவது இப்படி ஒருவரைப் பற்றி ஒழுங்காக ஒரு கட்டுரை எழுத ஆசை இருந்தால், உயர்தர வரலாற்றுப் பாடத்துக்கோ, வாசகர் வட்டத்துக்கோ, விக்கிப்பீடியாவுக்கோ, எதற்காக இருந்தாலும் சரி, அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. ஒரு போனும் ஒரு கொப்பியும் பொறுமையும் போதும்.

முதலில் ஆளைத் தெரிவு செய்யுங்கள். முதல் முயற்சிக்கு யாருக்கும் தெரியாத ஒருவரைப் பிடிக்க வேண்டாம், காகிதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒருவரைப் பிடியுங்கள். நான் இங்கே உதாரணத்துக்கு எடுப்பது வில்லியம் மெக்கின்லி. 1843 ஜனவரி 29 அன்று ஒஹாயோ மாநிலத்தில் நைல்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர், பதினெட்டு வயதில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தவர், மேஜராக வெளியே வந்தவர், பிறகு சட்டத்தரணி, காங்கிரஸ் உறுப்பினர், ஆளுநர், கடைசியில் ஜனாதிபதி. இவருடைய கடிதங்களையும் தாள்களையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது. அவருடைய படைத்தலைவராக இருந்து அவருக்கு முன்பே ஜனாதிபதியான ரதர்ஃபோர்ட் ஹேய்சின் நாட்குறிப்பும் கடிதங்களும் ஒஹாயோவில் உள்ள ஹேய்ஸ் நூலகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. இந்த இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் தளங்களைத் திறக்கும் முன் ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள், அதுவும் நம் ஊரிலேயே. பிரெட்ரிக் கோட்டைக்குள் வெலிங்டன் பெயரைச் சொல்லும் பழைய வீடு இருக்கிறதே, அதைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். பிறகு வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே நோயில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் கடலில் மூழ்கிப் போனது, அவர் தப்பியதால்தான் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார், திருகோணமலைக் காய்ச்சல் உலக வரலாற்றையே மாற்றிவிட்டது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் 1800ஆம் ஆண்டு முடிவில் இங்கே வந்தது உண்மை, அவர் ஏறாத சூசானா என்ற கப்பல் தொலைந்ததும் உண்மை. ஆனால் அவர் 1801இல் இங்கிருந்து பம்பாய்க்குப் போய்விட்டார், நோயில் விழுந்தது அங்கே, கப்பல் புறப்பட்டதும் அங்கிருந்துதான். உண்மையான துண்டுகளை எடுத்து, இடத்தை மட்டும் மாற்றி, ஊர் தனக்குப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது. போர்வீரனாக இருந்து அரசியலுக்குப் போன எவருடைய வாழ்க்கையிலும் இப்படி ஒட்டிய இடங்கள் இருக்கும், அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

இன்னொன்று, உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் இரண்டாம் உலகப் போர்ச் சவக்காலைக்கு ஒரு பின்னேரம் போங்கள். ஏதாவது ஒரு கல்லின் முன்னால் நின்று அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்: இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது, கீழே சில கற்களில் குடும்பத்தார் கேட்டு எழுதுவித்த ஒரு வரி. மேலே இருப்பது படை அலுவலகத்தின் பதிவு, கீழே இருப்பது வீட்டின் குரல். இரண்டையும் கலக்காமல் படிக்கப் பழகிவிட்டால், அமெரிக்கக் காகிதங்கள் பயமுறுத்தாது.

சரி, இப்போது கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், சம்பவம் நடந்த திகதி. வலப்பக்கம், அந்தச் சம்பவத்தை யார், எந்தத் திகதியில் எழுதினார் அல்லது சொன்னார். இந்த இரண்டு திகதிக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அந்த இடைவெளியில் ஒரு தேர்தல் வந்திருந்தால் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். முழு முறையும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எங்கே பிரயோகிப்பது என்ற விபரம்.

மெக்கின்லியின் கோப்பிக் கதையை எடுங்கள். 1862 செப்டெம்பர் 17, ஆன்டீட்டம் சண்டை. அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் மிக அதிக இரத்தம் சிந்திய சண்டை அதுதான், இரு தரப்பிலும் இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் என்று 22,000க்கு மேல். மெக்கின்லி அப்போது 23ஆவது ஒஹாயோ ரெஜிமென்டில் உணவுப் பொருட்களுக்குப் பொறுப்பான சார்ஜன்ட். காலையிலிருந்து வாய்க்கு ஒன்றும் கிடைக்காமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, குண்டுகள் விழும் வெளியைத் தாண்டிக் கோவேறு கழுதை வண்டியில் சூடான கோப்பியும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது கதை. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அந்த இடத்தில் 1903இல் பெரிய நினைவுத்தூணும் நட்டுவிட்டார்கள். கதையை மிகவும் பிரபலமாக்கியவர் ஹேய்ஸ், 1891இல் ஒரு பேச்சில். அந்த வருடம்தான் மெக்கின்லி ஆளுநர் தேர்தலில் நிற்கிறார். சிவப்பு வட்டம்! அதைவிட முக்கியமான விஷயம், ஹேய்ஸ் அன்று அங்கே இல்லவே இல்லை. மூன்று நாள் முன்னால், செப்டெம்பர் 14ஆம் திகதி, சவுத் மவுண்டன் சண்டையில் கையில் குண்டு பட்டுப் படுக்கையில் இருந்தார்.

அப்படியானால் கதை பொய்யா? அவசரப்படாதீர்கள். அதே 1862 செப்டெம்பரில் மெக்கின்லி சார்ஜன்டிலிருந்து இரண்டாம் லெப்டினன்டாக உயர்த்தப்பட்டார், அதற்குச் சிபாரிசு செய்தவர் ஹேய்ஸ். சண்டை நடந்த சில நாட்களுக்குள் வந்த பதவி உயர்வு தேர்தலுக்காகச் செய்யப்பட்டதாக இருக்க முடியாது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இப்படி: சாப்பாடு கொண்டுபோனதற்காக அந்த மாதமே பதவி உயர்வு கிடைத்தது, சூடான கோப்பி ஒவ்வொருவர் கையிலும் போய்ச் சேர்ந்த விபரமான கதையை அங்கே இல்லாத ஒருவர் ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து ஒரு தேர்தல் ஆண்டில் சொன்னார். இரண்டு வசனம். வாசகர் தானே முடிவு செய்வார். போர் நடந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு, யார் எப்போது கதை சொல்கிறார் என்று பார்க்க யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

படைக்காலத்துக்கு வேறு என்ன பார்க்கலாம். அமெரிக்க அரசு இரு தரப்பின் சண்டை அறிக்கைகளையும் தந்திகளையும் 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்களாக அச்சிட்டது, அவை முழுதும் இணையத்தில் உண்டு. ரெஜிமென்டின் இலக்கத்தையும் சண்டையின் பெயரையும் கொடுத்துத் தேடினால் அந்த வாரமே எழுதிய அறிக்கை கிடைக்கும், வரட்டு மொழிதான், ஆனால் அதுதான் தங்கம். சாதாரண வீரர் ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் படைவீரர் பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள், அது ரெஜிமென்டைச் சொல்லும். அதன் பின் இருப்பது இரண்டு கோப்பு, சேவைக் கோப்பும் ஓய்வூதியக் கோப்பும். ஓய்வூதியக் கோப்புத்தான் சுவையானது. தனக்கு எங்கே வலிக்கிறது, எந்தச் சண்டையில் அடிபட்டது என்று அந்த மனிதரே சத்தியம் செய்து எழுதியிருப்பார், கூடப் படுத்தெழும்பிய நண்பர்கள் சாட்சி சொல்லியிருப்பார்கள், மருத்துவர் சோதித்து எழுதியிருப்பார், விதவை கல்யாணத் திகதியை நிரூபிக்கக் குடும்ப வேதாகமத்தின் பக்கத்தையே கிழித்து வைத்திருப்பதும் உண்டு. பெரும்பாலானவை இன்னும் இணையத்துக்கு வரவில்லை, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு டொலரில் பணம் கட்டிப் பிரதி எடுக்க வேண்டும், நம் ரூபாய்க்கு அது வலிக்கும். ஒரு குழுவாகச் சேர்ந்து எடுங்கள். அரசுக்கு எதிராகச் சண்டை பிடித்த தெற்கு மாநிலங்களின் படையில் இருந்தவர் என்றால் மத்திய அரசிடம் தேடாதீர்கள், அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தது அந்தந்த மாநிலங்கள்.

பதவிப் பெயர்களில் கவனம். மெக்கின்லியை ஊரே சாகும்வரை மேஜர் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் 1864இல் அவருக்குக் கிடைத்த முழுப் பதவி கப்டன். மேஜர் என்பது 1865 மார்ச்சில் வீரத்துக்காகக் கொடுத்த கௌரவப் பதவி. போர் முடியும் நேரத்தில் இந்தக் கௌரவப் பதவிகளை அள்ளிக் கொடுத்தார்கள், அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் பெயருக்கு முன்னால் ஜெனரல் என்றோ கேணல் என்றோ கண்டால் உடனே நம்பி எழுதாமல், அது எந்த வகை என்று பாருங்கள்.

சட்டத்தரணியாக இருந்த காலம்தான் எழுதக் கஷ்டம், ஏனென்றால் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) நீதிமன்றப் பதிவுகள் அங்கேயே அலுமாரியில் கிடக்கும். மெக்கின்லி யங்ஸ்டவுனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருந்து படித்தார், அது அந்தக் காலத்து வழக்கம், பிறகு நியூயோர்க் மாநிலத்தில் அல்பனி சட்டக் கல்லூரிக்குப் போனார், முடிக்காமலே திரும்பினார், 1867இல் சட்டத்தரணியாக அனுமதி பெற்றுக் கான்டன் என்ற ஊரில் தொழில் தொடங்கினார். 1869இல் ஸ்டார்க் கவுண்டியின் அரச வழக்குத்தொடுநராகத் தெரிவானார், 1871இல் அதே பதவிக்கு நின்று தோற்றார். இப்படியான விபரங்களுக்கு உள்ளூர்ப் பேப்பர்தான் கதி. காங்கிரஸ் நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், ஸ்டார்க் கவுண்டி டெமோக்ரட் என்ற பேப்பர் அதில் இருக்கிறது. மெக்கின்லி குடியரசுக் கட்சிக்காரர், ஆகவே பெயரே சொல்கிறது, அது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் பேப்பர். மறுபக்கம், கான்டனில் மெக்கின்லிக்குச் சார்பான ரெபோசிட்டரி பேப்பரைத் தொடங்கியவர் அவருடைய மனைவி ஐடாவின் தாத்தா ஜோன் சக்ஸ்டன். ஒன்றை மட்டும் வாசித்தால் தெய்வம், மற்றதை மட்டும் வாசித்தால் ஏமாற்றுக்காரர், ஆகவே ஒரே கிழமையின் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேடும்போது முழுப் பெயரை மட்டும் போடாதீர்கள், மேஜர் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தோடும் தேடுங்கள், எழுத்தைக் கணினி பிழையாக வாசித்திருக்கும் என்பதால் கொஞ்சம் எழுத்துப் பிழையோடும் தேடிப் பாருங்கள். வருடத்தைக் குறுக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்.

இந்தக் காலத்தில் நான் மிகவும் விரும்புவது 1876ஆம் ஆண்டு. மாசிலன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கலவரமாகி, பலர் கைதானார்கள். அவர்களுக்காக யாரும் நிற்காத நேரத்தில் மெக்கின்லி போய் வாதாடினார், ஒருவரைத் தவிர எல்லாரும் விடுதலை, கூலி வாங்கவில்லை. கலவரத்தை அடக்கப் படை அனுப்பிய ஆளுநர் யார் தெரியுமா, அவருடைய பழைய தலைவர் ஹேய்ஸ். சுரங்க முதலாளிகளில் ஒருவர் மார்க் ஹன்னா, இருபது வருடம் கழித்து மெக்கின்லியை ஜனாதிபதியாக்கப் பணமும் மூளையும் கொடுத்த அதே ஹன்னா. அந்த வருடமே மெக்கின்லி காங்கிரசுக்குத் தெரிவானார். இங்கே எழுதுகிறவனுக்குக் கை துறுதுறுக்கும், ஏழைகளுக்காக உருகினார் என்று எழுதலாமா, தொழிலாளர் வாக்குக்காகச் செய்தார் என்று எழுதலாமா என்று. இரண்டும் வேண்டாம். திகதிகளை வரிசையாக வையுங்கள், மனத்துக்குள் போகாதீர்கள்.

அரசியல் காலத்தில் காகிதம் கூடிவிடும், அங்கே பிரச்சினை வேறு. காங்கிரசில் யார் எங்கே எந்த வருடங்கள் இருந்தார் என்பதற்கு அவர்களுடைய அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு அகராதி இருக்கிறது, முதலில் அதைப் பார்த்து எலும்புக்கூட்டை எழுதிவிடுங்கள். பேச்சுகளுக்கு 1873 முதல் வெளிவரும் காங்கிரஸ் நடவடிக்கைப் பதிவு. தேர்தல் பிரசாரத்துக்காக எழுதிய வாழ்க்கை வரலாறுகளைச் சுவரொட்டியாக மட்டும் நினைத்து வாசியுங்கள், 1896இல் மட்டும் இவரைப் பற்றி அப்படி எத்தனையோ வந்தன. தோல்விகளைத் தேடிப் பிடியுங்கள், பிரசாரக்காரர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் அதுதான். 1882 தேர்தலில் மெக்கின்லி வென்றது எட்டு வாக்கால், எதிராளி வழக்காடி 1884 மே மாதம் சபையே அவரை ஆசனத்திலிருந்து இறக்கிவிட்டது. 1890இல் அவர் பெயரிலேயே வந்த சுங்கவரிச் சட்டம் இறக்குமதி வரியைச் சராசரியாக ஐம்பது வீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது, அந்த நவம்பரிலேயே சுமார் 300 வாக்கால் தோற்றார். விலை ஏறிய கோபத்தில் சனங்கள் தோற்கடித்தார்கள் என்று ஒரே வரியில் முடிப்பது சுலபம். ஆனால் ஒஹாயோ சட்டசபையில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் அதற்கு முன்பே அவருடைய தொகுதி எல்லையைத் தங்களுக்குச் சாதகமாக வெட்டி மாற்றியிருந்தார்கள். அப்படி வெட்டிய தொகுதியில் 300 வாக்கால் மட்டும் தோற்றது தோல்வியா வெற்றியா? எல்லை நிர்ணயம் என்றால் என்னவென்று திருகோணமலை மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை, அந்தப் பத்தியை நீங்கள் நன்றாகவே எழுதுவீர்கள்.

பிறகு ஆளுநர், பிறகு 1896இல் கான்டன் வீட்டின் முன் விறாந்தையிலேயே நின்று செய்த பிரசாரம். ரயில் ரயிலாக ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர் வந்து கேட்டார்கள். வருகிற குழுவின் தலைவர் என்ன பேசப் போகிறார் என்பதையும் முன்கூட்டியே வாங்கிப் பார்த்துத் திருத்தினார்கள், எனவே அந்த விறாந்தைப் பேச்சுகளை யோசிக்காமல் வந்த பேச்சாக எழுத வேண்டாம்.

ஜனாதிபதிக் காலத்துக்கு இன்னொரு சிவப்பு வட்டம். 1898இல் ஸ்பெயினோடு போர், பிலிப்பைன்ஸ் அமெரிக்கா கைக்கு வருகிறது. அதை வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் இரவில் முழங்காலில் நின்று மன்றாடினேன், வழி கிடைத்தது என்று மெக்கின்லி சொன்னதாக ஒரு கதையை எங்கும் காண்பீர்கள். அவர் மெதடிஸ்த சபைக்காரர், அதைச் சொன்னதும் 1899 நவம்பரில் தன்னைப் பார்க்க வந்த மெதடிஸ்தக் குழுவிடம். ஆனால் அச்சில் வந்தது 1903இல், அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகு, ஜேம்ஸ் ரஸ்லிங் என்ற முன்னாள் படை அதிகாரியின் பெயரில். இதே ரஸ்லிங்தான், கெட்டிஸ்பர்க் சண்டைக்கு முன் லிங்கனும் முழங்காலில் நின்று மன்றாடியதாகச் சொன்னவர். கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யார் மூலம், எப்போது வந்தது என்ற வசனம் இல்லாமல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள். 1898 நவம்பரில் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரத்தில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று, தெரிவான நகர ஆட்சியையே துரத்தியது. ஜனாதிபதிக்கு உதவி கேட்டு எழுதிய கடிதங்கள் இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, பழிவாங்குவார்கள் என்ற பயத்தில் பெயர் போடாமல் ஒரு பெண் எழுதியதும் அதில் ஒன்று. அடிமைமுறையை ஒழித்த படையின் மேஜர் எதுவும் செய்யவில்லை. புகழ்ச்சிக் கட்டுரைகளில் இது வராது, நீங்கள் விடாதீர்கள்.

குடும்பத்துக்குச் சனத்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள், ஃபமிலிசேர்ச் தளத்தில் கணக்குத் திறந்தால் இலவசம். 1860இலும் 1870இலும் சொத்து மதிப்பைக் கேட்டார்கள், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று 1880இலிருந்து கேட்டார்கள். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் எரிந்தோ சேதமாகியோ, மிச்சம் பிறகு அழிக்கப்பட்டோ போய்விட்டன, ஆகவே அந்த வருடத்தைத் தேடி இரவைப் போக்க வேண்டாம். அந்த ஆண்டு எடுத்த படைவீரர் பட்டியலில் ஒரு பகுதி மட்டும் தப்பியது, ஒஹாயோ அதில் உண்டு. மெக்கின்லியின் இரண்டு பெண் குழந்தைகளும் சின்ன வயதிலேயே இறந்தார்கள், ஐடா வலிப்பு நோயோடு வாழ்ந்தார், அதை அந்தக் காலப் பேப்பர்கள் பெயர் சொல்லி எழுதவில்லை. இந்த இடத்தில் அலங்காரம் வேண்டாம், திகதிகளே கனமாக இருக்கும். முடிவையும் அப்படியே: 1901 செப்டெம்பர் 6, பஃபலோ கண்காட்சியில் லியோன் சொல்கொஸ் சுட்டான், 14ஆம் திகதி இறந்தார்.

எழுதும்போது ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு மேல் போகாமல் பாருங்கள், பிறப்பில் தொடங்கவும் வேண்டியதில்லை, எட்டு வாக்கில் தொடங்கினாலும் நன்றாக இருக்கும். ஏதாவது ஒரு காகிதம் இணையத்தில் இல்லை என்றால் அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கோ பொது நூலகத்துக்கோ மின்னஞ்சல் போடுங்கள். அங்கே கோடையில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை, அந்த நேரத்துக்கு அனுப்பினால் அவர்கள் பெட்டியில் மேலே இருக்கும். இவரைப் பற்றி உள்ளதெல்லாம் அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள். பெயர், வருடம், எந்தப் பேப்பரின் எந்தத் திகதி, எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு தாளைக் கேளுங்கள், திருகோணமலை எங்கே இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.